மதுநிஷா கையில் பீரோச் சாவி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டுக்கிடட்டுமா அண்ணாச்சி? வெயில் நேரா மூஞ்சியில அடிக்கு. கோவில்பட்டி வரைக்குமா போறீங்க? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் இறங்கி டவுன் பஸ் ஏறணும். உடம்புக்கு ஏதும் முடியலையான்னு கேட்டுறாதீங்க. கண்டக்டர் கேட்டுட்டான், பக்கத்துல இருந்த பூக்காரம்மா கேட்டுட்டா. உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல.

இருபத்தேழு வருஷம் அண்ணாச்சி. ஒரே பள்ளிக்கூடத்துல இருபத்தேழு வருஷமா ஆபீஸ் பாக்கேன். கோமதிநாயகம் இருந்தா ஒரு குண்டூசி காணாமப் போவாதுன்னு பேரு. எச்.எம். வருவாவ, போவாவ, நான் அஞ்சு பேரைப் பாத்துட்டேன். சாவிக்கொத்து மட்டும் என் இடுப்பை விட்டு இறங்குனதில்ல. அப்பேர்ப்பட்டவன் இன்னைக்குத் தூத்துக்குடி பெரிய கல்வி ஆபீஸுக்குப் புகார் குடுத்த கட்சியாப் போனேன். திரும்பி வாறது குத்தவாளியா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாவ? நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

எங்க பள்ளிக்கூடத்துல ஏழாங்கிளாஸ் பி-யில மதுநிஷான்னு ஒரு பிள்ளை படிக்கா. அவ அம்மா வேலுத்தாயி, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. பிள்ளைக்கு வலிப்பு உண்டு. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த மறுநாள், ரெண்டு பேரும் என் மேஜை முன்னால வந்து நின்னாவ. வேலுத்தாயி முந்தானை முடிச்சை அவுத்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்து வச்சா. சுண்டுவிரல் தண்டிதான் இருக்கும்.

"சார், இது பிள்ளைக்கு டாக்டர் குடுத்த மருந்து. வலிப்பு வந்தா முக்காவாசி தானா நின்னுரும். அஞ்சு நிமிஷம் தாண்டியும் நிக்கலன்னா மட்டும் இதை மூக்குல அடிக்கணும். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. டாக்டர் எழுதியே குடுத்திருக்காவ. கிளாஸ்லயே டீச்சர் மேஜையில இருக்கட்டும் சார்"ங்கா.

என்ன மருந்தும்மா இதுன்னேன். தூக்க மருந்து வகை சார், மூளைக்குள்ள அடிக்கிற புயலை அமத்தும்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாட்டிலைத் திருப்பிப் பாக்கேன், சிவப்புக் கோடு வேற போட்டிருக்கு! நானூறு பிள்ளைக நடமாடுற இடத்துல தூக்க மருந்தை மேஜை மேல வைக்கணுமாம். எவனாவது எடுத்து மோந்து பாத்து மட்டையாயிட்டான்னா யாரு பதில் சொல்லுதது? நாளைக்கு பேப்பர்ல என்ன போடுவான்? போதை மருந்து பதுக்கிய பள்ளிக்கூடம்னு போடுவான்.

அதனால முறைப்படி செஞ்சேன் அண்ணாச்சி. டாக்டர் சீட்டுக்கு வரவு நம்பர் போட்டு, தேதி முத்திரை குத்தி, "பார்வைக்குப் பின் கோப்பில் வைக்கப்பட்டது"ன்னு எழுதி, கோப்பில வச்சேன். பார்வைன்னா என் பார்வைதான். படிச்சீங்களான்னு கேக்கீங்க, அப்படித்தானே? எல்லாரும் அதைத்தான் கேக்கான். தமிழ்ல டைப் அடிச்சுத்தான் இருந்துச்சு, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு பக்கம் இருந்துச்சு. பாட்டிலை பீரோவுக்குள்ள, உள் லாக்கர்ல வச்சுப் பூட்டினேன். மருந்து வேணும்னா டீச்சர் ஸ்லிப் எழுதணும், எச்.எம். கையெழுத்துப் போடணும், நான் ரிஜிஸ்டர்ல ஏத்தணும், அப்புறம் சாவி. எவ்வளவு பந்தோபஸ்து பாருங்க.

வேலுத்தாயி கேட்டா, "அதுக்கெல்லாம் எவ்வளவு நேரமாகும் சார்?"

"ஒழுங்கா நடந்தா அரை மணி நேரத்துல கையில கிடைச்சிரும்மா. அவசரம்னா அவசரக் குறிப்புன்னு ஒண்ணு இருக்கு. அது கால் மணி நேரம்."

"பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இல்லையே சார்."

"நேரம் உண்டாக்குறது உங்க கையிலயா இருக்கு, என் கையிலயா இருக்கு? கடவுளை வேண்டிக்கிட்டுப் போம்மா"ன்னு நல்ல வார்த்தைதான் சொல்லி அனுப்பினேன். அதையும் இன்னைக்கு விசாரணையில சொன்னா அவ. எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு தெரியாத பொம்பளை.

இங்கதான் அந்த பால்தங்கம் டீச்சர் வாறா. தையல் டீச்சர். நிரந்தர வேலை கூட கிடையாது, வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. தன் வேலையைப் பாத்தமா, ஜாக்கெட்டுக்குக் கை வைக்கச் சொல்லிக் குடுத்தமான்னு இருக்கணுமா வேண்டாமா? சாயங்காலம் கேட் பக்கத்துல வேலுத்தாயி கூட நின்னுக்கிட்டு, பழைய காலி பாட்டிலை வாங்கி அமுக்கி அமுக்கிப் பழகுதா. மூடியை இப்படி எடுக்கணும், மூக்குல இவ்வளவு தூரம் விடணும், அடிச்ச பிறகு மூச்சு ஒழுங்கா வருதான்னு பக்கத்துலயே உக்காந்து பாக்கணும். பாடமே நடக்குது! ரெண்டு தடவை என்கிட்ட வந்து, "சார், அந்த மருந்து என் ரூம்லயே இருக்கட்டும், நான் பொறுப்பு"ன்னா. பொறுப்புன்னு வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடுங்கன்னேன். எழுதிக் குடுத்தா. அதுக்கும் வரவு நம்பர் போட்டு கோப்பில வச்சேன்.

சரி, சம்பவத்துக்கு வாறேன். ஒரு செவ்வாய்க்கிழமை. எச்.எம். கூட்டத்துக்குப் போயிருந்தாவ. தையல் ரூம் என் ஆபீஸுக்கு அடுத்த ரூம். திடீர்னு பிள்ளைக கத்துற சத்தம். "மதுநிஷா விழுந்துட்டா! மதுநிஷா விழுந்துட்டா!" நான் என்ன செஞ்சேன்? மத்தவன் மாதிரி பதறினேனா? முதல்ல வாட்சைப் பாத்தேன். பதினொண்ணு ஏழு. குறிச்சுக்கிட்டேன். அந்தப் பதட்டத்துலயும் நேரத்தைக் குறிச்ச ஒரே ஆள் நான்தான் அண்ணாச்சி. இதை யாரும் பாராட்டல.

போய்ப் பாத்தா பிள்ளை தரையில கிடந்து வெட்டிக்கிட்டு இருக்கா. வாயில நுரை. பி.டி. சார் ஸ்பூனை எடுத்துக்கிட்டு வாறாரு, பல்லுக்கு நடுவுல குடுக்கணுமாம். பால்தங்கம் ஒரு சத்தம் போட்டா பாருங்க, "வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது! புடிச்சு அமுக்காதீங்க! தள்ளுங்க!"ன்னு. மெஷின், ஸ்டூலையெல்லாம் தள்ளி விட்டா. பிள்ளையை ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சா. தலைக்கு அடியில வைக்க எதை எடுத்தா தெரியுமா? புது யூனிபார்ம் துணி! மூணு மீட்டர்! எச்சில் பட்டு வீணாப் போச்சு. அதைப் புகார்ல நான் எழுதல. பெருந்தன்மையா விட்டுட்டேன்.

ஆனா அத்தனை பேர் இருந்தும், செய்ய வேண்டியதைச் செய்ய ஒருத்தனுக்கும் தோணல. நம்ம ஊர்ல பிறந்தவனுக்கு இது தெரியாம இருக்குமா? வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கணும்லா! நான் இடுப்புல இருந்து கொத்தை உருவுனேன். பதினாலு சாவி, நல்ல கனம். பிள்ளை கை இறுக மூடியிருந்துச்சு. ஒவ்வொரு விரலா நெம்பித் திறந்து, கொத்தை உள்ள வச்சு, மூடி விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கப்புனு புடிச்சுக்கிட்டா.

கொஞ்ச நேரம் போச்சு. பால்தங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தவ, என் பக்கம் திரும்பினா.

"சார், அஞ்சு நிமிஷம் ஆயிருச்சு. நிக்கல. பீரோவைத் திறங்க."

"ஸ்லிப் எங்க டீச்சர்?"

"சார்!"

சரி, அவசரம், ஸ்லிப்பைப் பின்னால வாங்கிக்கிடலாம்னு நானே இறங்கி வந்தேன். எவன் இறங்கி வருவான் சொல்லுங்க.

"சாவி எங்க சார்?"

"பிள்ளை கையில."

அவ என்னைப் பாத்தா. பிள்ளை கையைப் பாத்தா. திரும்ப என்னைப் பாத்தா. ஒரு மூத்த ஊழியரைப் பாக்கிற பார்வையா அது? கீழ உக்காந்து பிள்ளை விரலைத் தொட்டா. அசையல. நான் தடுத்தேன். "புடுங்காதீங்க டீச்சர், இரும்பை எடுத்தா வலிப்பு ரெட்டிப்பா ஏறும்"னேன். "மாத்துச் சாவி எங்க சார், மாத்துச் சாவி?"ன்னு அலறுதா.

மாத்துச் சாவியும் அதே கொத்துலதான் இருக்கு. பின்ன? தனியா வச்சா தொலைஞ்சு போவாதா?

பி.டி. சாரை 108-க்குப் போன் போடச் சொன்னா. நான் சும்மா நின்னேன்னு நினைச்சுராதீங்க. எச்.எம்.முக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. மறுபடி அடிச்சேன், எடுக்கல. சரின்னு ஆபீஸ்ல உக்காந்து அவசரக் குறிப்பை எழுத ஆரம்பிச்சேன். அனுப்புநர், பெறுநர் எழுதியாச்சு. பொருள்ங்கிற இடத்துல "வலிப்பு"ன்னு போடணுமா, "மருந்து"ன்னு போடணுமான்னு ஒரு சந்தேகம். யோசிச்சுக்கிட்டே இருக்கேன், என் முதுகுக்குப் பின்னால டமார்னு ஒரு சத்தம்!

திரும்பிப் பாத்தா பால்தங்கம் நிக்கா. பள்ளிக்கூட மணி அடிக்கிற இரும்புத் தடி கையில. தலைமுடி அவுந்து கிடக்கு. ரெண்டாவது அடி. பீரோ கைப்பிடி பேந்து என் மேஜை மேல வந்து விழுந்துச்சு. மூணாவது அடியில லாக்கர் பிளந்துட்டு. "டீச்சர், இது பள்ளிக்கூடச் சொத்து!"ன்னு கத்துதேன், காதுலயே வாங்கல. நான் ஒரு கண்ணாடி டம்ளரை உடைச்சாக்கூட விளக்கம் கேப்பான். அவ பீரோவையே உடைச்சிருக்கா, இன்னைக்கு அவளுக்குப் பாராட்டு. மாமியா உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டின்னு கேள்விப்பட்டிருக்கோம். இங்க தலைகீழா நடக்கு.

பாட்டிலை எடுத்துக்கிட்டு ஓடினா. ஆனா பிள்ளை பக்கத்துல போனதும் கை நடுங்கல அண்ணாச்சி, அதைச் சொல்லத்தான் வேணும். சீட்டுல சொன்னபடி மூக்குல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நான் வாட்சைப் பாத்தேன். பதினொண்ணு பத்தொன்பது. குறிச்சேன். அவ பிள்ளை நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டு மூச்சை எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தா. பதினொண்ணு இருபத்திரெண்டுக்கு வெட்டு நின்னுச்சு. மூடின கை தானா விரிஞ்சு கொத்து கீழ விழுந்துச்சு. உள்ளங்கையில சாவிப் பல்லு பதிஞ்சு ரத்தம் கசிஞ்சிருந்துச்சு. உதடு கொஞ்சம் நீலம் பூத்திருந்துச்சு. மத்தபடி பிள்ளை நல்லாத்தான் இருந்தா. நான் கொத்தை எடுத்துத் துடைச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன்.

இப்ப ஒரு கேள்வி கேக்கேன், பதில் சொல்லுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல என் இரும்பு அந்தப் பிள்ளை கையில வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. முடியப் போற நேரத்துல இவ வந்து ரெண்டு சொட்டு அடிக்கா. வலிப்பு நிக்குது. பேரு யாருக்கு? அவளுக்கு! சரி, மருந்துதான் நிறுத்துச்சுன்னே வச்சுக்கிடுங்க. பீரோவைத் திறந்தது எது? இரும்புத் தடி! எப்படிப் பாத்தாலும் இரும்புதான் காப்பாத்தியிருக்கு. இதை இன்னைக்கு விசாரணையில சொன்னேன். ஒருத்தரும் எழுதிக்கிடல.

108 வந்துச்சு. அதுல வந்த தம்பி, எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு கேட்டான். எல்லாரும் முழிக்கான். நான்தான் சொன்னேன், பதினொண்ணு ஏழு. மருந்து எப்ப குடுத்தீங்க? பதினொண்ணு பத்தொன்பது. அவன் பேனாவை நிறுத்திட்டு, "கையில மருந்து இருந்தும் ஏன் சார் இவ்வளவு நேரம்?"ன்னான். அந்தக் கேள்வியை ஏன் என்னைப் பாத்துக் கேட்டான்னு எனக்கு இன்னும் விளங்கல. பிள்ளை மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. இன்னும் நேரம் போயிருந்தா மூளையைப் பாதிச்சிருக்கும், உயிரே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம். டாக்டர்னா அப்படித்தானே சொல்லுவாரு.

நான் என் கடமையைச் செஞ்சேன். பால்தங்கம் மேல புகார் எழுதினேன். பீரோவை உடைச்சது, ஸ்லிப் இல்லாம மருந்து எடுத்தது, மூத்த ஊழியரை மதிக்காதது. நிர்வாகம் அவளை விசாரணை முடியிற வரைக்கும் வர வேண்டாம்னு நிறுத்தி வச்சுட்டு. புருஷன் இல்லாதவ, அந்த வேலைதான் அவளுக்குச் சோறு. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா. வேலுத்தாயி சும்மா இருக்கல. மேல மனு குடுத்துட்டா. அதான் இன்னைக்கு விசாரணை.

விசாரிச்ச மேடத்துக்கு என் மக வயசு இருக்கும். அமைதியாப் பேசினாவ. பால்தங்கம் ஒரு பக்கம், வேலுத்தாயியும் பிள்ளையும் ஒரு பக்கம், நான் நடுவுல. ரிஜிஸ்டரைக் கேட்டாவ. நான் காத்திருந்ததே அதுக்குத்தான்! எடுத்து நீட்டினேன். சத்தமா வாசிச்சாவ. பதினொண்ணு ஏழு, விழுந்தாள். பதினொண்ணு ஒன்பது, சாவி கையில் கொடுக்கப்பட்டது. பதினொண்ணு பன்னெண்டு, டீச்சர் மருந்து கேட்டார். பதினொண்ணு பத்தொன்பது, மருந்து.

"இதெல்லாம் நீங்க எழுதினதா சார்?"

"ஆமா மேடம். ஒரு நிமிஷம் பிசகாது."

அப்புறம் டாக்டர் சீட்டைக் கேட்டாவ. வரவு நம்பர் சொல்லி எடுத்துக் குடுத்தேன். வாசிச்சாவ. அஞ்சு நிமிஷம்ங்கிற இடத்துல டாக்டர் பெரிய எழுத்துல போட்டு, கீழ ரெண்டு கோடு போட்டிருக்காரு. முதல் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் இன்னைக்குத்தான் பாத்தேன்.

மேடம் கையில இருந்த வாட்சைக் கழட்டி மேஜை மேல வச்சாவ. "ஏழுல இருந்து பத்தொன்பது வரைக்கும் பன்னெண்டு நிமிஷம். நாம எல்லாரும் இப்ப பன்னெண்டு நிமிஷம் பேசாம உக்காந்திருப்போம்"ன்னாவ. இது என்ன விசாரணை அண்ணாச்சி? எந்த விதியில இருக்கு? இருந்தாலும் உக்காந்தேன். பன்னெண்டு நிமிஷம்தானே, ஒரு டீ குடிக்கிற நேரம்.

ரெண்டு நிமிஷம் போச்சு. ஃபேன் சுத்துது. மூணாவது நிமிஷம் போச்சு. பிள்ளை காலை ஆட்டிக்கிட்டு சுவர்ல இருந்த மேப்பைப் பாத்துக்கிட்டு இருந்தா. அஞ்சாவது நிமிஷத்துல பால்தங்கம் எந்திரிச்சிட்டா. அவளால உக்கார முடியல, நாற்காலி முதுகைப் புடிச்சுக்கிட்டு நின்னா. வேலுத்தாயி பிள்ளையை இழுத்து மடியில வச்சுக்கிட்டா. பன்னெண்டு வயசுப் பிள்ளையை. அந்தப் பிள்ளை அவ காதுக்குள்ள கேக்கா, எல்லாருக்கும் கேட்டுச்சு. "அம்மா, நான் இவ்வளவு நேரமா கிடந்தேன்?"

அவளுக்குத் தெரியாதுல்லா. அவளுக்குத்தான் அன்னைக்கு நினைவே இல்லையே.

எனக்கு அந்தப் பிள்ளை குதிகால் தரையில தட்டுற சத்தம் கேக்க ஆரம்பிச்சுட்டு அண்ணாச்சி. டக் டக்னு. இன்னைக்கு இல்ல, அன்னைக்குத் தட்டுனது. அன்னைக்கு எனக்குக் கேக்கல. ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். நான் பொருள் எழுதிக்கிட்டு இருந்தேன்.

"மேடம், போதும்"னேன்.

மேடம் வாட்சைப் பாத்தாவ. "இன்னும் மூணு இருக்கு சார்."

என்னால முடியல. எந்திரிச்சு வராந்தாவுக்குப் போயிட்டேன். தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பயமா இருந்துச்சு, ஏன்னு கேக்காதீங்க. பியூன் தண்ணி கொண்டாந்து குடுத்தான். திரும்ப உள்ள போகும்போது ஆர்டர் டைப் ஆயிக்கிட்டு இருந்துச்சு. பால்தங்கத்துக்கு வேலை உண்டு. மருந்து பூட்டு இல்லாம பிள்ளை கிளாஸ்லயே இருக்கணும். நான் எழுத்துமூலமா விளக்கம் குடுக்கணும். குடுப்பேன். முறைப்படி குடுப்பேன்.

ஆனா கடைசி வரி என்ன தெரியுமா? "புகார்தாரர் ஒன்பதாவது நிமிடத்தில் எழுந்து வெளியே சென்றார்." இதையெல்லாமா எழுதுவாவ அண்ணாச்சி? கீழ என் கையெழுத்து வேணும்னு தாளை நீட்டினாவ. பேனாவை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்திருவோம்னாவ மேடம். என்ன தப்பு சொல்ல? நானும் வாட்சைப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன். ஒன்பதுதான். கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.